கட்டியின் புளிப்பை அளந்தால் போதுமா?

கேள்வி: என் தம்பிக்கு 46 வயது. பஸ் டிரைவர். வலது தொடையில் உள்பக்கமாக ஒரு வீக்கம் இருந்தது. சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த சதைப்பிடிப்பு என்று ஏழெட்டு மாதம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். பயாப்ஸி எடுத்ததில் மென்திசு சார்கோமா என்று வந்துவிட்டது. 11 செ.மீ. இருக்கிறதாம். நுரையீரலுக்குப் போகவில்லை. முதலில் ரேடியேஷன், பிறகு ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மாமா பையன், அங்கே இந்தக் கட்டிக்குச் சூடு வைத்து வைத்தியம் செய்கிறார்கள் என்கிறான். கட்டிக்குள் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று அளந்தால் சூடு பலிக்குமா பலிக்காதா என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமாம். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கட்டி இன்னும் அமிலமாகும், சூடு நன்றாக வேலை செய்யும் என்றும் எங்கோ படித்து அனுப்பினான். தம்பிக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்கிறான். பக்கத்து வீட்டிலோ இதற்கு நேர்மாறாக, ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலந்து குடித்தால் அமிலம் போய்விடும், புற்று அடங்கிவிடும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? இங்கே அந்த அமிலத்தை அளக்கும் வசதி இருக்கிறதா?

— வாசகி, மன்னார்குடி

பதில்: மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசுவோம். முதலில், மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆப்ப சோடாவும் வேண்டாம். இந்த இரண்டையும் இன்றே தம்பியிடம் சொல்லிவிடுங்கள். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

உங்கள் மாமா பையன் அனுப்பியது கட்டுக்கதை இல்லை. ஐம்பது ஆண்டுகளாக நல்ல ஆய்வுக்கூடங்களில் துரத்திக்கொண்டிருக்கும் கேள்வி அது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் பாதி வழி வந்த விஷயம் வாட்ஸ்அப்பில் ஏறும்போது முழு வழியும் வந்துவிட்டதுபோல ஆகிவிடுகிறது.

கட்டி ஏன் புளிக்கிறது? தோசை மாவைப் புளிக்கவைக்கும் அதே லாக்டிக் அமிலம்தான் இங்கேயும். கறிக்கடையில் ஆட்டை வெட்டித் தொங்கவிட்ட சில மணி நேரத்தில் கறியின் தன்மை மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்த ஓட்டம் நின்றதும் தசை தன்னிடம் மிச்சமிருக்கும் சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைக்கிறது. அதில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. கட்டிக்குள்ளும் ரத்தம் சரியாகப் போகாத மூலைகளில் இதேதான் நடக்கிறது. புற்றணுக்களுக்கு இன்னொரு வினோதப் பழக்கமும் உண்டு. ஆக்சிஜன் கிடைத்தாலும் அவை இந்தக் குறுக்கு வழியையே பிடித்துக்கொள்கின்றன. 1920-களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் இதைக் கண்டுபிடித்தார். 1931-இல் அவர் நோபல் பரிசு வாங்கியது செல்களின் சுவாசத்தில் வேலை செய்யும் நொதியைப் பற்றிய ஆய்வுக்கு. ஆனால் பெயர் நிலைத்தது இந்தக் கண்டுபிடிப்பால்தான்.

அமிலத்தைப் பிஎச் என்ற அளவில் சொல்வோம். எண் குறையக் குறையப் புளிப்பு கூடுகிறது. ரத்தத்தில் அது 7.35 முதல் 7.45 வரை. உடம்பு இதை விட்டுக்கொடுப்பதே இல்லை. கட்டியில், செல்களுக்கு இடையே தேங்கி நிற்கும் நீரில் பல நேரம் 6.5 முதல் 7 வரை வருகிறது. ஒரு புள்ளிகூட இல்லையே என்று நினைக்க வேண்டாம். 7.4-இலிருந்து 6.8-க்கு இறங்கினால் அமிலம் நான்கு மடங்காகிவிட்டது என்று பொருள்.

சூடு எங்கே வருகிறது என்றால், கட்டியை 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்திருப்பார்கள். நம் வீட்டுக் காய்ச்சல் கணக்கில் 106 முதல் 109 ஃபாரன்ஹீட். உடம்பு முழுக்க இல்லை, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும். தொடை மாதிரி இடமென்றால் சுற்றி ஆன்டெனாக்களை வைத்து, இடையே தண்ணீர்ப் பையை வைத்து, ரேடியோ அலைகளைப் பாய்ச்சுவார்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். ஒரு தடவை சூடு பட்ட செல் தன்னைக் காத்துக்கொள்ளச் சில புரதங்களைச் செய்துகொள்கிறது. அவை அடங்க இரண்டு மூன்று நாள் இடைவெளி தேவை. இந்தச் சூடு தனியாக நின்று கட்டியைக் கொல்லும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ரேடியேஷன் உடைத்த மரபணு இழையைச் செல் ஒட்டுப்போடவிடாமல் கெடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. ரேடியேஷனுக்கு அடங்காத செல்கள் எவை? ஆக்சிஜன் இல்லாத, புளித்துப்போன மூலைகளில் கிடப்பவை. சூட்டுக்கு எளிதில் மடங்குபவையும் அவைதான். ஒன்றின் பலவீனத்தை மற்றது ஈடுகட்டுகிறது.

1977-இல் லியோ கெர்வெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவாகக் காட்டினார். தட்டில் வளர்த்த செல்களை ஒரே சூட்டில், ஒரே நேரம் வைத்தார். சுற்றியிருந்த நீர் புளிப்பாக இருந்த தட்டில் செத்த செல்கள் மிக அதிகம். இங்கிருந்துதான் உங்கள் மாமா பையன் அனுப்பிய யோசனை பிறந்தது: புளிப்பை அளப்போம், அதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்போம்.

சரி, எப்படி அளப்பது? என் ஆராய்ச்சி நாட்களில் எலிகளில் வளர்ந்த கட்டிகளில் இதைச் செய்திருக்கிறேன். ஊசி வடிவத்தில் ஒரு கண்ணாடி மின்முனை. இன்னொரு முனை தோலுக்கு அடியில். காலையில் முதல் வேலை, தெரிந்த பிஎச் உள்ள கரைசல்களை 37 டிகிரியில் வைத்து, ஊசியை ஒவ்வொன்றாக முக்கி எடுத்து, கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது. கரைசல் ஆறிவிட்டால் எண் நகர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு கட்டிக்குள் இரண்டிரண்டு மில்லிமீட்டராக ஊசியை இறக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண் நிலைகொள்ளும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். 6.9 காட்டும். அடுத்த நிறுத்தத்தில் 6.6. அதற்கடுத்து திடீரென்று 7.3. கட்டி நல்ல நிலையில் இருக்கிறதா? இல்லை, ஊசி ஒரு ரத்தக்குழாயைக் கீறிவிட்டது, நுனியில் ரத்தம், அளந்தது அந்த ரத்தத்தை. ஊசியைத் துடைத்துவிட்டு வேறு பாதையில் இறங்க வேண்டும். ஒரு சுண்டைக்காய் அளவு கட்டியிலேயே இத்தனை ஏற்ற இறக்கம். உங்கள் தம்பியின் 11 செ.மீ. கட்டியில் ஒரு ஊசிப் பாதை எதைச் சொல்லிவிடும்? ஒரு பெரிய வயலில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, இதுதான் இந்த வயலின் மண் என்று சொல்வது மாதிரி.

மனிதர்களிலும் இதைச் செய்திருக்கிறார்கள். 1980-களிலும் 90-களிலும் பிலடெல்பியாவில் டென்னிஸ் லீப்பரும் உடனிருந்தவர்களும் தோலுக்கு அருகே இருந்த கட்டிகளில் ஊசி போட்டு அளந்தார்கள். ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி, ஒரே கட்டிக்குள் இடத்துக்கு இடம் எண் மாறியது.

இது அளப்பதில் உள்ள சிரமம். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஊசி அளப்பது செல்லுக்கு வெளியே இருக்கும் நீரை. சூட்டுக்குச் செல் சாகுமா என்பதைத் தீர்மானிப்பதோ செல்லுக்கு உள்ளே இருக்கும் பிஎச். புற்றணு சாமர்த்தியமானது. தன் அமிலத்தையெல்லாம் பம்பு வைத்து வெளியே இறைத்துவிட்டு, உள்ளே கிட்டத்தட்ட ரத்தம் மாதிரியே வைத்துக்கொள்கிறது. வாசலில் சாக்கடை தேங்கியிருப்பதைப் பார்த்து வீட்டுக்குள்ளும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்ட முடியுமா? கெர்வெக்கின் தட்டில் அமிலம் புதிதாக வந்தது, செல்கள் திணறின. மாதக்கணக்கில் புளிப்பிலேயே வளர்ந்த செல்கள் அந்தப் பம்புகளைப் பெருக்கிக்கொண்டு பழகிவிடுகின்றன. அப்படிப் பழகிய செல்களைச் சூடேற்றினால் எதிர்பார்த்த அளவு சாவதில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. அதனால்தான் வெறும் வெளிப் புளிப்பைக் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கிறது.

உள்ளே எட்டிப் பார்க்க ஒரு வழி உண்டு. எம்ஆர்ஐ கருவியை நீரிலுள்ள ஹைட்ரஜனுக்குப் பதிலாகப் பாஸ்பரஸைக் கேட்கும்படி மாற்றலாம். அப்போது படம் வராது, மேடுமேடாக ஒரு கோடு வரும். அதில் பாஸ்பேட்டின் மேடு பிஎச்சைப் பொறுத்துக் கொஞ்சம் இடம் நகரும். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் உள்ளே இருக்கும் பிஎச் தெரியும். ஊசி வேண்டாம், வலி இல்லை. ஆனால் சாதாரண ஸ்கேன் சென்டரில் இருக்கும் எம்ஆர்ஐ இதைச் செய்யாது. அதற்கென்று தனிக் கம்பிச்சுருள், தனி மின்னணுப் பெட்டி வேண்டும். கட்டி பெரிதாகவும் மேலாகவும் இருந்தால்தான் சமிக்ஞை தேறும். தொடைச் சார்கோமா அதற்கு ஏற்றது. அதனால்தான் இந்த ஆய்வுகளில் சார்கோமா அடிக்கடி வருகிறது.

இதை உருப்படியாகச் செய்த இடம் அமெரிக்காவின் வட கரோலினா. டர்ஹாமில் டியூக் பல்கலைக்கழகம், பக்கத்து ராலேயில் கால்நடை மருத்துவக் கல்லூரி. நோயாளிகள் வீட்டு நாய்கள். எலிக்கு ஊசி போட்டு வரவழைத்த கட்டி இல்லை. நாய்க்குத் தானாக வந்த சார்கோமா, அளவிலும் குணத்திலும் மனிதனுடையதைப் போன்றது. அவற்றுக்கு ரேடியேஷனும் சூடும் கொடுத்தார்கள். முன்னதாக ஊசியாலும் பாஸ்பரஸ் எம்ஆர்ஐயாலும் அளந்து வைத்துக்கொண்டார்கள். 2006-இல் வெளியான முடிவில் கட்டியின் பிஎச்சுக்கும் நாய்களின் கதிக்கும் தொடர்பு இருந்தது. உங்கள் மாமா பையன் படித்தது இதுவாகத்தான் இருக்கும். தொடர்பு உண்டு என்பது சரி. ஆனால் அந்தத் தொடர்பைப் பார்த்து, இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் சூடு கொடு, மேலே இருந்தால் விடு என்று ஒரு கோடு கிழிக்கும் நிலை இன்னும் வரவில்லை. கேன்சர் மருத்துவமனைகளில் இது வழக்கமான பரிசோதனையும் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். புளித்த கட்டி என்றால் என்ன அர்த்தம்? ரத்த ஓட்டம் குறைந்த கட்டி. ரத்த ஓட்டம் என்பது கட்டியைப் பொறுத்தவரை காரில் ரேடியேட்டர் தண்ணீர் மாதிரி, 37 டிகிரி ரத்தம் ஓடி ஓடிச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அது குறைந்த இடத்தில் சூடு தங்கும். ஆகப் புளித்த கட்டி சூட்டுக்கு நன்றாகப் பணிகிறது என்றால், அமிலம் செல்லைப் பலவீனமாக்கியதாலா, சூடு அங்கே அதிகம் ஏறியதாலா? இரண்டும் ஒன்றாகவே வருவதால் பிரித்துச் சொல்வது கடினம். இது போதாதென்று, புளித்த கட்டிக்கு வேறு இடத்துக்குப் பரவும் குணமும் அதிகம் என்கிறார்கள். ஒரே எண் ஒரு பக்கம் நல்ல செய்தி, மறு பக்கம் கெட்ட செய்தி.

இப்போது ஊசி இல்லாமல் வெளிப் புளிப்பைப் படமாகவே எடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. சிடி ஸ்கேனுக்கு முன் நரம்பில் போடும் அயோடின் மருந்து வகைகளில் ஒன்றான அயோபமிடால், பிஎச்சுக்குத் தக்கபடி எம்ஆர்ஐ சமிக்ஞையை மாற்றுகிறது. கேம்பிரிட்ஜில் 2008-இல் சிறப்பாகத் தயாரித்த பைகார்பனேட்டைக் கொடுத்து எலியின் கட்டியில் அமிலப் படம் எடுத்தார்கள். ஒரு கைப்பிடி மண்ணுக்குப் பதில் வயல் முழுக்கப் பார்க்கலாம். நம்பிக்கை தரும் வழி.

இனி சர்க்கரை. ஜெர்மனியில் டிரெஸ்டனில் மான்ஃப்ரெட் ஃபான் ஆர்டென்னே என்பவர் 1960-களிலேயே இந்த யோசனையைச் சொன்னவர். குளுக்கோஸை ஏற்று, கட்டி அதைத் தின்று புளிக்கட்டும், பிறகு சூடேற்று. பிலடெல்பியாவிலும் நோயாளிகளுக்குக் குளுக்கோஸை நரம்பு வழியாகவும் வாய் வழியாகவும் கொடுத்து, ஊசி போட்டு அளந்து பார்த்தார்கள். சராசரியாகக் கிடைத்த இறக்கம் சிறியது. ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அது மேற்பார்வையில், சில மணி நேரம், அளந்து கொடுத்த குளுக்கோஸ். உங்கள் தம்பியின் சர்க்கரை நாள் கணக்கில் 300, 350 என்று நின்றால் நடக்கப்போவது வேறு. ரேடியேஷன் வாங்கிய தொடையில் அறுவை செய்யப்போகிறார்கள். சார்கோமாவில் ரேடியேஷனுக்குப் பிறகு தையல் ஆறுவதே பெரிய தலைவலி. அதற்கு மேல் கட்டுப்பாடில்லாத சர்க்கரை சேர்ந்தால் புண் சீழ் வைக்கும், பிளாஸ்டிக் சர்ஜன் வரை போக வேண்டியிருக்கும். கட்டியில் கால் புள்ளி கிடைக்குமோ என்னவோ, காயத்தில் நிச்சயம் இழப்பீர்கள்.

ஆப்ப சோடா விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. அதற்கும் ஒரு ஆய்வு பின்னால் இருக்கிறது. 2009-இல் எலிகளுக்குச் சோடா கலந்த தண்ணீரைக் கொடுத்தபோது கட்டியின் புளிப்பு குறைந்தது, பரவுதலும் குறைந்தது. மனிதர்களில் அதைச் சோதிக்க முயன்றார்கள். அந்த அளவு சோடாவை நாள் தவறாமல் குடிக்க முடியவில்லை, குமட்டலும் வயிற்றுக் கோளாறும். அதில் போகும் உப்பு பிரஷர்காரர்களுக்கு ஆபத்து. ஒரே நோயாளிக்கு ஒருவர் புளிப்பைக் கூட்டச் சொல்கிறார், ஒருவர் குறைக்கச் சொல்கிறார், இரண்டுக்கும் பின்னால் ஆய்வு இருக்கிறது. நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை. எலுமிச்சை ரசமோ காரத் தண்ணீரோ ரத்தத்தின் பிஎச்சை மாற்றுவதில்லை. சிறுநீரகமும் நுரையீரலும் அதற்கு விடுவதில்லை.

அப்படியானால் சூடு பலிக்குமா என்று எதை வைத்துச் சொல்வது? இவ்வளவு காலம் இந்தத் துறையைப் பார்த்த அளவில் என் பதில் இது: அமிலமானியைத் தேடாதீர்கள், வெப்பமானி இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டிக்குள் உண்மையில் எத்தனை டிகிரி ஏறியது, எத்தனை நிமிடம் நின்றது என்பதுதான் இன்றுவரை நம் கையில் இருக்கும் நம்பகமான துப்பு. கணக்கு கறாரானது. 43 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் அதே பலனுக்கு நாலு மடங்கு நேரம் வேண்டும். 42-இல் ஒரு மணி நேரம் என்பது 43-இல் 15 நிமிடத்துக்குச் சமம். 41-இல் ஒரு மணி நேரம் நாலு நிமிடம்கூடத் தேறாது. டியூக்கில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில் மேலோட்டமான கட்டிகளை முதலில் ஒரு தடவை சூடேற்றிப் பார்த்தார்கள். ஏறாதவர்களை அப்போதே விலக்கிவிட்டார்கள். ஏறிய 109 பேரில் பாதிப் பேருக்கு முழுச் சூடு தொடர்ந்தது, மீதிப் பேருக்கு அத்தோடு நிறுத்தம். ரேடியேஷன் எல்லோருக்கும். கட்டி முழுக்க மறைந்தது முதல் கூட்டத்தில் 66 சதவீதம், இரண்டாவதில் 42. அந்த முதல் தடவைச் சூடே ஒரு பரிசோதனைதான், யோசித்துப் பாருங்கள். நாய்களிலும் இதே கதை. அதிகச் சூடு கிடைத்த நாய்களில் கட்டி அதே இடத்தில் திரும்ப வர நாளாயிற்று.

ஜெர்மனிக் கதையும் உண்மைதான். மியூனிக்கின் ரோல்ஃப் இஸ்ஸெல்ஸ் நடத்திய ஆய்வில் 341 பேர். எல்லோருக்கும் பெரிய, ஆழமான, வேகமாக வளரும் சார்கோமா. கீமோவோடு சூடும் பெற்றவர்களில் பத்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 52.6 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் 42.7. இதில் கவனிக்க வேண்டியது, சூடு அங்கே கீமோவுக்குத் துணையாகப் போனது. ரேடியேஷனும் ஆபரேஷனும் அவர்களுக்கும் நடந்தன, சூட்டை வைத்து எதையும் விட்டுவிடவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் நெதர்லாந்து ஆய்வு 2000-இல் ரேடியேஷனோடு சூடு சேர்த்துக் காட்டியது இன்னும் பெரிய வித்தியாசம். மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 27 சதவீதத்திலிருந்து 51-க்கு ஏறினார்கள். நம் நாட்டிலும் மும்பை நானாவதி மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுக்கு இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்டிருக்கிறார்கள். இந்த ஆய்வுகளில் எதிலும் நோயாளியை அமிலத்தை அளந்து தேர்ந்தெடுக்கவில்லை.

எனவே உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை. இந்தச் சார்கோமாவுக்குச் சூடு சேர்ப்பதில் பயன் உண்டா? உண்டென்றால் அதைக் கட்டியின் வெப்பத்தை அளந்து கொடுக்கும் இடம் நாங்கள் போகக்கூடிய தொலைவில் எங்கே? அதற்காக ரேடியேஷன் எத்தனை நாள் தள்ளிப்போகும்? கடைசிக் கேள்வி முக்கியம். ஊர் ஊராக விசாரித்து மாதக்கணக்கில் தாமதமானால், சூட்டால் கிடைக்கக்கூடியதைவிட அதிகம் கைவிட்டுப் போகலாம். "இன்ஃப்ராரெட் படுக்கை", "நச்சு நீக்கும் வெப்ப அறை" என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்குப் போக வேண்டாம். ஒரு நோயாளியின் வீட்டார் என்னிடம் அப்படி ஓரிடத்தின் ரசீதுகளைக் காட்டினார்கள். இருபது அமர்வு, பெரிய தொகை, ஒரு தாளில்கூட வெப்ப அளவு எழுதவில்லை. தோல் சுட்டிருக்கிறது, கட்டிக்கு எத்தனை டிகிரி போனதென்று யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று, தம்பிக்குச் சர்க்கரை இருப்பதால் சொல்கிறேன். சூடேற்றும்போது எங்காவது சுரீரென்றால் நோயாளி உடனே சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் அந்தப் பக்கத்து அலையைக் குறைப்பார்கள். தீக்காயம் ஆகாமல் காப்பதில் பாதி வேலை நோயாளியின் வாய்தான். பல வருடச் சர்க்கரையில் கால் மரத்துப்போயிருந்தால் சுடுவதே தெரியாது. செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா, வெந்நீர் ஊற்றும்போது இரண்டு காலிலும் ஒரே மாதிரி உணர்கிறாரா என்று வீட்டிலேயே கவனியுங்கள். தொடையிலோ இடுப்பிலோ பழைய விபத்தில் வைத்த பிளேட், ஸ்க்ரூ இருந்தால் அதையும், பேஸ்மேக்கர் இருந்தால் அதை முதலிலும், சூட்டைப் பற்றிப் பேச்சு எடுக்கும் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.